பெரிய டிவி, சின்ன பட்ஜெட்: எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேலான டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அன்றிலிருந்து மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டியில் யாரைப் பார்த்தாலும் 55 வாங்கலாமா 65 வாங்கலாமா என்ற பேச்சுதான். வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: அதே பணத்துக்கு நல்ல 50 இன்ச்சும் கிடைக்கும், சுமாரான 65 இன்ச்சும் கிடைக்கும். கூடுதலாக வரும் அந்த 15 இன்ச்சுக்கான காசை கம்பெனிக்காரன் வேறு எங்கேயோ மிச்சம் பிடித்திருக்கிறான். திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கில், ஸ்பீக்கரில், உள்ளே இருக்கும் சிப்பில், சர்வீஸில். இவற்றில் பின்னால் நாமே சரிசெய்துகொள்ளக் கூடியது எது, ஒரு தடவை வாங்கினால் கடைசி வரை கூடவே வரக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குவதுதான் நான் பார்த்த வரையில் எல்லோரும் செய்கிற பெரிய தவறு.

சைஸிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதைக் கடையில் நின்றுகொண்டு முடிவு செய்கிறார்கள். உயரமான கூரை, அகலமான ஹால், பக்கத்திலேயே ஒரு 85 இன்ச், அதன் நடுவில் 65 சின்னதாகத்தான் தெரியும். மாட்டுங்காவில் அக்கா வீட்டில் நாங்கள் வேறு மாதிரி செய்தோம். 65 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் ஏறக்குறைய 144 செ.மீ., உயரம் 81 செ.மீ. வரும். அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டுப்போட்டு செல்லோடேப்பால் சுவரில் ஒட்டினோம். வலது ஓரம் சுவிட்ச் போர்டை முழுசாக மறைத்தது, இடது ஓரம் சமையலறைக் கதவு திறக்கும்போது இடித்தது. 55 இன்ச்சுக்கு, அதாவது 122-க்கு 69 செ.மீ., மடித்துப் பார்த்தபோது இரண்டும் தப்பித்தன. ஒரு நாள் முழுக்க அந்தப் பேப்பர் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம், சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதும் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பார்ப்பதுமாக. இந்த ஒரு வேலையை யாரும் செய்யாமல் விடாதீர்கள்.

தூரத்தைப் பற்றிப் பலரும் பயப்படுவார்கள், பத்தடி ஹாலில் 65 கண்ணைக் கெடுக்காதா என்று. நல்ல 4கே படம் ஓடினால் ஏழடி தூரத்தில் 65 இன்ச் தாராளமாகப் பார்க்கலாம். பிரச்சினை தூரத்தில் இல்லை, என்ன ஓடுகிறது என்பதில் இருக்கிறது. மும்பையில் டிஷ் வைத்திருக்கும் நம் வீடுகளில் தமிழ் சேனல்களைத் தனியாகச் சேர்த்திருப்போம், காசு மிச்சம் என்று பெரும்பாலும் எஸ்டி (தெளிவு குறைந்த பழைய தர) சேனலாகவே சேர்த்திருப்போம். எஸ்டி படத்தில் 720-க்கு 576, சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், திரையில் தெரியும் இருபது புள்ளிகளில் ஒன்றுதான் சேனலிலிருந்து வருகிறது, மீதி பத்தொன்பதை டிவியே யோசித்து நிரப்புகிறது. அந்த யோசிக்கும் வேலையைச் செய்கிற சிப்தான் மலிவு டிவியில் பலவீனமான இடம். அக்காவின் மாமியார் பார்க்கும் சாயங்கால சீரியலை ஒரு கடையில் போடச் சொல்லிப் பார்த்தோம். முகங்கள் மெழுகு தடவியது போல வழவழவென்று, எழுத்துகளைச் சுற்றி கொசு மொய்த்தது போல. அதே சேனலின் எச்டிக்கு மாற்றியதும் ஆளே மாறிவிட்டார்கள். ஆகவே பெரிய டிவி வாங்கும்போது சேனல் பேக்கை எச்டிக்கு மாற்றும் மாதச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முடியாது என்றால் ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள். ஓடிடியிலும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸில் 4கே மேல்மட்ட பிளானில்தான் வரும், அதற்கு 15 எம்பிபிஎஸ் வேகமும் விடாமல் வேண்டும்.

அடுத்தது டப்பாவின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெளிச்சத்தையும் இருட்டையும் எடுப்பாகக் காட்டும் எச்டிஆர் வசதி என்று எழுதியிருந்தால் அந்த சிக்னலை டிவி புரிந்துகொள்ளும் என்றுதான் அர்த்தம், அதைக் காட்டும் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) அல்லது அதற்கும் மேலான வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். மலிவான பெரிய டிவிகளில் பல 250, 300 நிட்ஸைத் தாண்டுவதில்லை. அதனால்தான் சில வீடுகளில் எச்டிஆர் படம் போட்டால் சாதாரணப் படத்தைவிட இருட்டாகத் தெரிகிறது, ராத்திரிக் காட்சி வந்தால் யார் யாரென்றே தெரியாது. மதியம் மேட்ச் பார்க்கும் வீடு, ஜன்னல் வெளிச்சம் நேரே திரையில் விழும் ஹால் என்றால் இந்த நிட்ஸ் கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும். விற்பவருக்கும் தெரியவில்லை, கம்பெனி தளத்திலும் போடவில்லை என்றால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். க்யூஎல்இடி என்றதும் ஓஎல்இடியின் தம்பி என்று நினைத்துவிடுவதும் உண்டு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். க்யூஎல்இடி நமக்குப் பழகிய எல்சிடிதான், பின்னால் விளக்கு, நடுவில் நிறத்தைக் கூட்டும் ஒரு படலம். நிறம் நன்றாக இருக்கும், ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டுமானால் விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் வேண்டும், இந்த விலையில் அது கிடைத்தால் இரண்டாவது யோசனை வேண்டாம்.

பேனலில், அதாவது படத்தைக் காட்டும் திரைப் பகுதியில், விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏவில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி தெரியும், இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். நம் வீடுகளில் ஒருத்தர் சோபாவில், ஒருத்தர் தரையில், ஒருத்தர் சமையலறை வாசலில் நின்றபடி. அதனால் கடையில் நேராக மட்டும் நின்று பார்க்காதீர்கள், ஓரத்துக்குப் போங்கள், குனிந்து பாருங்கள். பிக்சர் மோடை விவிட்டிலிருந்து மூவி அல்லது சினிமாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடையில் ஓடும் பளபள டெமோ வீடியோவில் எந்த டிவியும் அழகுதான், நீங்கள் தினமும் பார்க்கும் ஏதாவது ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் 120 மோஷன் என்பதுபோல எழுதியிருந்தால் பேனல் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றும் என்று கேளுங்கள், பெரும்பாலும் 60தான். சீரியலுக்கும் சினிமாவுக்கும் 60 போதும், கேம் ஆடுகிறவர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதும்.

ஸ்மார்ட் வசதியில் மலிவு டிவி திணறத்தான் செய்யும். ஆண்ட்ராய்டு என்று போட்டிருப்பதெல்லாம் கூகுளின் அனுமதி பெற்ற கூகுள் டிவி இல்லை, சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் சரியாக ஓடாது, ஓடிடி படத்தை முழுத் தரத்தில் காட்டத் தேவையான வைட்வைன் எல்1 என்ற திருட்டுத் தடுப்பு அனுமதி இல்லாவிட்டால் காசு கட்டிய ஓடிடியும் மங்கலாகத்தான் வரும். இதைக் கடையிலேயே ரிமோட்டை வாங்கித் திறந்து பாருங்கள். ஆனால் இதற்காக நல்ல பேனலை விட்டுவிடாதீர்கள், சில ஆயிரம் ரூபாய்க்கு ஓடிடி ஓட்டும் ஒரு ஸ்டிக்கை எச்டிஎம்ஐயில் செருகினால் இந்தக் குறை தீர்ந்தது. சத்தமும் அப்படித்தான். மெல்லிய உடம்பில் கீழ்நோக்கி வைத்த 20 வாட் ஸ்பீக்கரில் வசனம் அமுங்கும், மிக்ஸி ஓடினால் ஒன்றும் கேட்காது. பின்னால் ஒரு சவுண்ட்பார் வாங்கிக்கொள்ளலாம், எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றிலாவது டிவி சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஆர்க் (ARC) அல்லது ஈ-ஆர்க் (eARC) என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மங்கலான பேனலுக்கு இப்படி வெளியிலிருந்து எதையும் வாங்கிச் செருக முடியாது.

சர்வீஸ் விஷயத்தில் எனக்கே அடி விழுந்தது. முன்பு வாங்கிய 55 இன்ச்சில் பதினாலாவது மாதம் திரையின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு விழுந்தது. வாரண்டி ஒரு வருஷம். பேனல் மாற்ற அந்த கம்பெனி சொன்ன தொகை கிட்டத்தட்ட புது டிவி விலை. அன்றிலிருந்து நான் விலையைப் பார்ப்பதற்கு முன் பேனலுக்கு எத்தனை வருஷ வாரண்டி, எங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா என்று கேட்டுவிடுகிறேன். கூடுதல் வாரண்டிக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பது பெரிய திரைக்கு மட்டுமாவது நியாயம் என்றே நினைக்கிறேன், அதில் பேனல் சேர்ந்திருக்கிறதா என்று படித்துவிட்டுக் கொடுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் பிராசஸிங் கட்டணமும் வட்டி மீதான ஜிஎஸ்டியும் கார்டு பில்லில் வரும், அதையும் கூட்டிப் பாருங்கள். கரண்ட் பெரிய பயம் இல்லை, 150 வாட் எடுக்கும் டிவி தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 22, 23 யூனிட்.

மும்பைக்கென்று இரண்டு விஷயம். 65 இன்ச் டப்பா ஐந்தடிக்கு மேல் நீளம், படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது. பல பழைய பில்டிங் லிஃப்டுகளில் அது நுழையாது. டெலிவரி ஆட்கள் மாடிப்படியில் தூக்கி வருவார்களா என்று ஆர்டர் போடும் முன்பே கேளுங்கள், இல்லாவிட்டால் வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் டப்பாவை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது, ஜூன் மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் டிவியை மாட்டாதீர்கள், உள்சுவரே நல்லது.

டப்பா வந்ததும் பிரிக்கும் அவசரம் வேண்டாம். டெக்னீஷியன் வரட்டும், பிரிப்பதை முதலிலிருந்து மொபைலில் வீடியோ எடுங்கள். அன்றைக்கே யூடியூபில் முழு வெள்ளை, முழு சாம்பல், முழு கறுப்புத் திரை வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள். சாம்பலில் அழுக்குத் திட்டுகள், கறுப்பில் மூலையில் வெளிச்சக் கசிவு, வெள்ளையில் அணைந்த புள்ளி. சந்தேகமாக இருந்தால் அன்றே புகார் போடுங்கள், மாற்றிக் கொடுக்கும் நாட்கள் முடியும் வரை அந்தப் பெரிய டப்பாவையும் தெர்மகோலையும் கட்டிலுக்குப் பின்னால் எங்கேயாவது நிறுத்தி வையுங்கள்.