வயதானவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸை எழுத்தில் பாராட்டுவது எப்படி

டிஸ்சார்ஜ் நாளில் "அந்த சிஸ்டர் தங்கமான பொண்ணு" என்று சொல்லி, ஒரு ஸ்வீட் டப்பாவைக் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறிவிடுகிறோம். வீடு போய்ச் சேரும்போது அவர் பெயர்கூட நினைவிருப்பதில்லை. அந்தப் பாராட்டு மேலதிகாரியின் கண்ணில் பட வேண்டுமானால், எதைக் கவனிப்பது, எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிரித்த முகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கூட்டம் நெரியும் வார்டில் சிடுசிடுப்பாகத் தெரிபவரின் கைதான் சில சமயம் மிகப் பதமாக இருக்கும். நோயாளி வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயங்களில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

முதலில் முதுகு. தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். நல்ல நர்ஸ் நோயாளியை இழுக்க மாட்டார். முதியவர்களின் மெல்லிய தோல் உராய்ந்தாலே உரிந்துவிடும். இன்னொருவரைக் கூப்பிட்டு, விரிப்போடு தூக்கி நகர்த்துவார். திருப்பியதும் வால் எலும்பையும் குதிகாலையும் பார்ப்பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த மேனியில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

அடுத்தது பேச்சு. வயதானால் முதலில் மங்குவது கீச்சொலிகள். கத்தினால் குரல் கீச்சென்று ஏறும், இன்னும் புரியாமல் போகும். விஷயம் தெரிந்தவர் காது மிஷினை மாட்டிவிட்டு, எதிரே வந்து நின்று, குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுவார்.

உண்மையான சோதனை சாயங்காலத்துக்கு மேல்தான். "இது யார் வீடு, என்னை விடு" என்று டிரிப்ஸைப் பிடுங்குபவரின் கையைக் கட்டிப்போடுவது சுலபம். பரிவுள்ளவர் காரணம் தேடுவார்: சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பியிருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள், வலியா, காய்ச்சலா, சர்க்கரை இறங்கிவிட்டதா, புதிதாகத் தூக்க மாத்திரை ஏதும் கொடுத்தார்களா. சத்தமே இல்லாமல் சுருண்டு கிடக்கிற குழப்பமும் உண்டு. "சமர்த்தா தூங்குறார்" என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, "நேத்து பேசினார், இன்னைக்கு எழுப்பினாலும் கண்ணே திறக்கல" என்று டாக்டரைக் கூப்பிடுகிறாரே, அவர்தான் நீங்கள் எழுத வேண்டிய ஆள்.

சாப்பாட்டு வேளையில் நிமிர்த்தி உட்கார வைக்கிறாரா, ஒரு வாய் விழுங்கியபின் அடுத்ததைத் தருகிறாரா, உடனே சாய்க்காமல் அரை மணி நேரம் விடுகிறாரா என்றும் பாருங்கள். இதில் அவசரப்பட்டால் புரையேறி நெஞ்சில் சளி கட்டலாம்.

பார்த்ததை அன்றன்றே போனில் குறித்துவிடுங்கள்: தேதி, நேரம், ஷிப்ட், பெயர். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். பேட்ஜைப் பார்த்து இனிஷியலோடு எழுதுங்கள். வேலையைச் செய்தது ஆயாம்மா என்றால் அவர் பெயரையே எழுதுங்கள். நைட் டியூட்டி பார்த்தவர்கள்தான் அதிகம் விட்டுப்போகிறார்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். மேலே நோயாளி பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), வார்டு, சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி. கீழே இரண்டு சம்பவங்கள். "தாயைப் போலப் பார்த்துக்கொண்டார்" என்பதை யாருக்கும் எழுதலாம். இப்படி எழுதுங்கள்: "14-ஆம் தேதி இரவு 2 மணிக்கு அப்பா ஊசியைப் பிடுங்கினார். சிஸ்டர் கையைக் கட்டவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, டாக்டரிடம் சொல்லிச் சிறுநீர்க் குழாய் போட்டார். அதன்பின் அப்பா அமைதியாகத் தூங்கினார்."

கெடுவது இரண்டு இடங்களில். "மற்றவர்களைப் போல் இல்லாமல்" என்று தொடங்கினால் கடிதம் புகாராகிவிடும். விசாரணை என்று அந்த சிஸ்டரையே கூப்பிடுவார்கள். இன்னொன்று, விதியை மீறிச் செய்த உதவியைப் புகழ்வது. பார்வையாளர் நேரம் முடிந்தபின் உங்களை உள்ளே விட்டதை நன்றியோடு எழுதினால் அவருக்கு மெமோதான் வரும். கடிதத்தோடு பணம் வைக்காதீர்கள். வார்டில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டீனுக்கு எழுதி, நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு ஒரு நகல் கொடுங்கள். தனியாரில் நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கும் நிர்வாகத்துக்கும். கையில் கொடுத்தால் உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மே 12 செவிலியர் தினம். அன்று நர்ஸ்களைக் கௌரவிக்கும் மருத்துவமனை என்றால் ஏப்ரலுக்குள் கடிதம் போய்ச் சேரட்டும். அமெரிக்காவில் அம்மா அப்பாவைச் சேர்த்திருப்பவர்கள், அங்கே நர்ஸ்களுக்குக் கொடுக்கும் டெய்ஸி விருது உண்டா என்று கேளுங்கள். நோயாளியும் குடும்பத்தாரும் பரிந்துரைக்கலாம், இதே சம்பவக் குறிப்பு அதற்கும் உதவும்.

ஒரு நகலை அந்த சிஸ்டர் கையிலும் கொடுங்கள். காண்ட்ராக்டில் இருப்பவர் என்றால் மறக்கவே வேண்டாம்; அடுத்த இன்டர்வியூவில் எடுத்துக் காட்ட அவருக்கு அது இருக்கும்.