நாயாற்றுக் கடலுக்கு எந்தத் துடுப்பு?

போன கிழமை அக்காவின் மகன் வந்து, "மாமா, காலுக்குப் போடுற துடுப்பு வாங்கப் போறன். இது எப்படி?" என்று கைபேசியை நீட்டினான். மீன் வால் போல நடுவில் பிளந்த நீலத் துடுப்பு. அந்த விலைக்கு ஒரு நாம்பன் மாடு வாங்கலாம்.

நான் முல்லைத்தீவில் அளம்பில் பக்கம் பதினைந்து வருடம் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடியவன். வீட்டில் நாலு சோடித் துடுப்பு கிடக்கிறது. 2009 இல் வலது முழங்காலுக்குள் போன எறிகணை (செல்) துண்டு ஒன்றும் இன்னும் அங்கேயே இருக்கிறது. துடுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த முழங்கால் சொல்லித் தந்தது. நாலு சோடியையும் முருங்கை மரத்தடியில் பரப்பி மருமகனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குதிக்காலைப் பார். செருப்புப் போல முழுப் பாதத்தையும் மூடும் துடுப்பை வெறுங்காலோடு போடலாம். பாரம் குறைவு, விலையும் குறைவு. எங்கள் கடல் சூடான கடல், படகில் இருந்து நேரே குதிக்கிறவனுக்கு அது போதும். குதி திறந்த வகைக்குப் பின்னால் வார் இருக்கும், உள்ளே றப்பர்ச் சப்பாத்துப் போட வேண்டும். பூநகரி, இரணைமாதா நகர் பக்கம் போல முழங்கால் தண்ணீரில் சாதாளைக்கு (கடற்புல்லுக்கு) மேலால் கனதூரம் நடந்துதான் ஆழத்துக்குப் போக வேண்டும் என்றால் இரண்டாவதை எடு. திருக்கை முள் குத்தினவனைக் கேட்டால் ஏன் என்று சொல்லுவான்.

எந்த வகை என்றாலும் அளவு சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். எனது முதல் சோடியைக் கொழும்பில் ஒரு கடையில் நின்றபடியே போட்டுப் பார்த்து வாங்கினேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்றேன். "றப்பர்தானே, நனைய இளகும்" என்றார் கடைக்காரர். இளகினது எனது குதித்தோல். மூன்றாம் நாள் கெண்டைக்கால் இறுகிப் பிடித்து, பத்துப் பாகத்தில் (ஒரு பாகம் ஆறு அடி) மணலில் இருந்து காலைத் தேய்த்தேன். ஆகவே கதிரையில் இருந்து போட்டுப் பார். விரல்கள் மடங்கக் கூடாது, காலை உதறினால் துடுப்புக் கழரக் கூடாது. திறந்த வகை என்றால் நீ போடப்போகும் சப்பாத்தையும் கடைக்குக் கொண்டுபோ.

இனி இலைக்கு வருவோம். துடுப்பின் தட்டையான பகுதியை நான் இலை என்றுதான் சொல்லுவேன்.

சாதாரண ஒற்றை இலை எந்த உதைக்கும் சரிவரும். நடுவில் மெல்லிய றப்பர்ப் பட்டி வைத்த வகையும் இருக்கிறது. உதைக்கும்போது இலை கிண்ணம்போலக் குழிந்து தண்ணீர் பக்கத்தால் வழியாமல் பின்னால் தள்ளும். மெலிந்த காலுள்ளவர்களுக்கு நல்லது.

பிளந்த இலையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனது முழங்கால் அதற்குக் கடன்பட்டிருக்கிறது. இலையின் இரண்டு பாதியும் தனித்தனியாக வளைவதால் ஒவ்வொரு உதைக்கும் காலில் விழும் பாரம் குறைவு. சின்னதாக, வேகமாக உதைத்தால் போதும். முழங்கால் வீங்கியிருந்த இரண்டு வருடம் நான் அதைத்தான் போட்டேன். அது இல்லாவிட்டால் கரைவலை இழுக்கப் போயிருப்பேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு பின்னால் வர முடியாது, நின்ற இடத்தில் திரும்புவதும் கஷ்டம். ஒருநாள் கடலடிக் கற்பாரில் சிக்கிக் கிடந்த பழைய வலைக்கு முன்னால் நீரோட்டம் என்னைத் தள்ளியது. பின்வாங்க உதைத்தேன். இரண்டு பாதியும் தளதளவென்று ஆடியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. கையால் கல்லைப் பிடித்துத்தான் தப்பினேன். பிளவுக்குள் தங்கூசி நூலும் போய் மாட்டும்.

கட்டை றப்பர்த் துடுப்பு இதற்கு நேர் எதிர். 1964 இல் பிரான்ஸ் நாட்டு பூஷா என்ற சுழியோடிச் சாமான் கொம்பனி இலையின் அடியில் ஓட்டை வைத்துச் செய்த ஜெட் துடுப்பின் வம்சம். ஓட்டை வழியே தண்ணீர் போய்விடுவதால் காலைத் திரும்பக் கொண்டுவரும்போது பாரம் குறையும். நீளம் குறைவு, விறைப்பு அதிகம், சோடி இரண்டு மூன்று கிலோ வரும். பின்னால் வருவது, திரும்புவது, நீரோட்டத்தில் ஓர் இடத்திலேயே நிற்பது எல்லாவற்றிலும் கெட்டிக்காரத் துடுப்பு. இணையத்தில் எல்லோரும் இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் குளிர்கடலில் காற்றுள்ள உடுப்புப் போட்டு இறங்குகிறவர்கள். அந்த உடுப்பில் கால் மிதக்கும், பாரமான துடுப்பு அதை அமர்த்தும். நாங்கள் போடுவது ஒரு ரீசேட்டும் காற்சட்டையும். உன்னைப் போல எலும்பும் தோலுமாக இருப்பவனுக்கு அந்தப் பாரம் காலைக் கீழே இழுக்கும். கால் தாழ்ந்தால் என்ன நடக்கும்? சேறு கிளம்பும்.

எங்களுக்கு வேலையே தரையில்தான். அட்டையும் மணல் நிறத்தில்தான் கிடக்கும். காலை மேலும் கீழும் அடித்தால் தண்ணீர் தரையில் மோதி மணலைக் கிளப்பும், பின்னால் வருகிறவன் குருடன். மாரியில் தொடுவாய் (களப்பின் வாயில் உள்ள மணல்திட்டு) உடைத்து நாயாற்றுக் களப்புத் தண்ணீர் கடலோடு கலந்த பிறகு கேட்கவே வேண்டாம். தவளை போல முழங்காலை மடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் விரித்து உதைக்கப் பழகு. அந்த உதைக்கு விறைப்பான, கட்டையான இலை வேண்டும். பிளந்ததும் நீண்டதும் சரிவராது.

நீண்ட துடுப்பு மூச்சடக்கிச் சங்குக்குப் போகிறவர்களின் சாமான். இலை மட்டும் ஒரு முழத்துக்கு மேலே போகும். மன்னார் அரிப்பில் முத்துக் குளித்தவர்கள் கல்லில் கால் வைத்து இறங்கினார்கள், மேலே இழுக்கத் தோணியில் ஆள் நின்றது. மூச்சடக்கிப் போகிறவனுக்குக் கல்லும் அதுதான், கயிறும் அதுதான். மெதுவான ஓர் உதைக்கு நெடுந்தூரம் போகலாம். ஆனால் காற்றுச் சிலிண்டரோடு போனால் தரையெல்லாம் கிண்டும். சிலிண்டரோடு இறங்கின நாளில் மூச்சடக்கி இறங்கவும் வேண்டாம், உடம்பில் தங்கின நைதரசனோடு விளையாடாதே.

வார் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்டிக் கொளுக்கி உப்பிலும் வெயிலிலும் கிடந்து ஒருநாள் 'டக்' என்று போகும். துருப்பிடிக்காத உருக்குச் சுருள் வார் நல்லது, வழுக்கும் படகில் நின்று ஒரு கையாலேயே போடலாம். காசு இல்லாத காலத்தில் நான் சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டினேன். இரண்டு வருடம் தாங்கியது. இன்றைக்கும் பையில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கிப் பரீட்சித்துப் பார். நங்கூரக் கயிற்றை ஐம்பது மீற்றருக்கு விட்டு, அதன் நீளத்துக்கு நீந்தி உதைகளை எண்ணு. திரும்பி வரும்போது நீரோட்டத்துக்கு எதிராக எண்ணு. பிறகு தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்து, தவளை உதையில் பத்துத் தரம் போய், திரும்பிப் பார். பின்னால் புகை மூட்டம் என்றால் ஒன்றில் துடுப்புப் பிழை, இல்லையென்றால் நீ பிழை. இடுப்பு நோகிறதா, கெண்டைக்கால் நோகிறதா என்பதையும் கவனி. கெண்டைக்கால் என்றால் இலை உனக்கு மிஞ்சின விறைப்பு.

நல்ல துடுப்பு கிடைத்ததும் விர்ரென்று மேலே வரலாம் என்று நினைக்காதே. நிமிடத்துக்கு ஐந்து பாகத்துக்கு மேல் ஏறாதே, மேலே வரமுன் 5 மீற்றரில் 3 நிமிடம் நில். அவசரப்பட்டு ஏறி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்களை இந்தக் கரையில் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, அவனுக்கு என்ன சொன்னேன்? நீல வாலை விடு. குதி திறந்த, நடுத்தர விறைப்புள்ள, தண்ணீரில் மிதக்கவும் தாழவும் செய்யாத ஒற்றை இலை வாங்கு, மிச்சக் காசுக்குச் சப்பாத்தும் சுருள் வாரும் எடு. பாவித்தபின் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் படுக்கவை. சுவரில் நிமிர்த்திச் சாத்தினால் இலை வளைந்துபோகும். இப்போது வாடைக் காற்று. கடல் அடங்க மாசி, பங்குனி ஆகும். அதுவரைக்கும் எனது பழைய ஒற்றை இலையை இரவலாகக் கொண்டுபோயிருக்கிறான், கால் நகத்தை வெட்டிவிட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன்.