குட்டிக்குத் தைரியம் ஏற்றாதீர்கள்

தேனி மாவட்டத்துக் கோம்பைக்கு மேற்கே, திராட்சைத் தோட்டங்கள் முடிந்து கரடு தொடங்கும் இடத்தில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஜமா. நிமிர்ந்தால் ராமக்கல்மேட்டுக் காற்றாடிகள் தெரியும்; அது கேரளா. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டும் மாப்பிள்ளை, ரிட்டயர் ஆன வாத்தியார் அண்ணன், நான். கொட்டாங்குச்சியை நிறுத்தி ஏர்கன்னால் சுடுவோம் (கேரள எல்லைக் கம்பம்மெட்டு தாண்டினால் அதே சாமான் சிரட்டை). மழை, ஏலக்காய் விலை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று பேச்சு ஓடும்.

போன மாசம் எங்கள் தெருப் பையன் ஒருத்தன் நாலு மாசக் கோம்பை நாய்க்குட்டியோடு வந்தான். நல்ல செவலை, வாய் மட்டும் கறுப்பு. வந்ததும் வேப்பமரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, "அண்ணே, இவன் காதுப் பக்கத்துல ஒண்ணு சுடுங்க, சத்தம் பழகட்டும்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. திட்ட வாயெடுத்தவன் அடங்கிவிட்டேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொன்னவன் நான். தடுப்பூசி போடு, தண்ணி வை என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள், அதற்கு நான் வேண்டியதில்லை. குட்டியிடமும் ஏர்கன்னிலும் செய்யக்கூடாதது சிலதை மட்டும் சொல்கிறேன்.

கூப்பிட்டு வைத்து அடிப்பது

செருப்பைக் கடித்துவிட்டது. நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது, வந்ததும் ஒரு அடி. செருப்புக்காக விழுந்த அடி என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத் தெரிந்ததெல்லாம், கூப்பிட்ட குரலுக்கு வந்தால் அடி விழும் என்பதுதான். அடுத்த மாசம் ரோட்டில் லாரி வரும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் வராது.

ஏர்கன்னை உடும்பாகப் பிடிப்பது

புதுசாகத் துப்பாக்கி தொடுகிறவர்கள் எல்லாரும் செய்வது இது. ஸ்பிரிங் வைத்த ஏர்கன்னில் குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி உதறிவிடும். நாம் இறுக்கினால் அந்த உதறல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும், குண்டும் சிதறும். இடது உள்ளங்கையில் சும்மா கிடக்கவிடுங்கள், உதறுகிறபடி உதறட்டும். ஒலிம்பிக் ஏர்ரைஃபிள் போட்டியில் சுடும் தூரம் 10 மீட்டர், குண்டு 4.5 மில்லிமீட்டர், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அபினவ் பிந்த்ரா 2008-இல் தங்கம் வாங்கியது அந்தப் புள்ளியைப் பார்த்துச் சுட்டுத்தான். நமக்குக் கொட்டாங்குச்சி போதும்.

பாறைக்கு முன்னால் குறி வைப்பது

குண்டு திரும்பி வரும். மண்மூட்டை வையுங்கள்.

வெடிச்சத்தத்தில் "பழக்குவது"

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என் நாய் கருப்பனுக்கு அப்போது ஐந்து மாசம். கோம்பை நாய் புலிக்கே அஞ்சாது என்று எங்கள் ஊரில் ஒரு பெருமை உண்டு. அந்த மிதப்பில் அவனை வேலிக்காலில் கட்டி, மூன்றடி தள்ளி நின்று ஏர்கன்னை வெடித்தேன். துள்ளிப்போய் வேலியில் முட்டினான். "முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொன்று. அப்புறம் ஒரு ஊசிவெடிச் சரம். சரம் முடிகிறபோது துள்ளல் நின்றுவிட்டது. மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்தான். பழகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டு டீ குடிக்கப் போனேன் பாருங்கள், அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது. ஓட வழியில்லை என்று தெரிந்து நாய் கைவிட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு குக்கர் விசிலுக்குப் பயம். ஜீப் சைலன்சருக்குப் பயம். தோட்டத்தில் கிளி விரட்டத் தகரம் தட்டினால் பயம். கடைசியில் நான் துப்பாக்கிப் பையை எடுத்தாலே ஓடி ஒளிந்தான். அந்தத் தீபாவளிக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனவனை மூன்றாம் நாள் தேவாரம் ஊருக்குப் போகும் வழியில் ஒரு பாலத்தடியில் கண்டுபிடித்தோம். பதினோரு வருஷம் இருந்தான். தோட்டக் காவலுக்கென்று வாங்கிய நாய், இடி இடித்தால் என் அம்மாவின் கட்டிலுக்கு அடியில்.

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாசம் வரை, கண்டதையும் கேட்டதையும் இதுவும் உலகத்தில் உள்ளதுதான் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் பாத்திரம் உருளுகிற சத்தம், மோட்டார் சத்தம், பிள்ளைகள் கூச்சல் எல்லாம் காதில் விழட்டும். அதைத் தாண்டினால் புதுசு எதுவானாலும் முதலில் சந்தேகம்தான். நம்மைவிடக் கூர்மையான காது வேறு. பயம் ஒரே நாளில் ஏறிவிடும், இறங்க மாசக்கணக்கு. நாலு வெடி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவர் வளர்த்த நாயைக் காட்டச் சொல்லுங்கள்.

பழக்க வேண்டியது தூரத்தை வைத்து, தீனியை வைத்து. ஒரு ஆள் இருநூறு அடி தள்ளி நின்று தகரத்தை ஒரு தட்டு தட்டட்டும். தட்டியதும் குட்டி வாயில் ஒரு கறித்துண்டு. சத்தம் முதலில், தீனி பிறகு. இதை மாற்றிச் செய்தால் கறியைக் கண்டதும் அடுத்துச் சத்தம் வருமோ என்று மிரளும். வாத்தியார் அண்ணன் வீட்டில் அப்படி ஒன்று நடந்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தட்டு போதும். கயிறு தளர்வாக இருக்கட்டும், பின்வாங்க இடம் இருக்கட்டும்.

கிட்டே வரலாமா என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது, குட்டியின் வாய்தான் சொல்லும். கறியை வாங்கித் தின்கிறதா, சரி. வாலை இடுக்கி, உதட்டை நக்கி, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விட்டு, கறியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா, நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள். அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாள் பின்னால் போய்த் தொடங்குங்கள். தகரம் பழகிய பிறகுதான் ஏர்கன், அதுவும் மறுபடி இருநூறு அடியிலிருந்து. நாய் எப்போதும் சுடுகிறவனுக்குப் பின்னால்.

பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பயம் அப்படிக் கூடாது. பக்கத்தில் வந்து ஒண்டினால் ஒண்டவிடுங்கள். ஏற்கெனவே பயம் ஏறிய நாய் என்றால், தீபாவளிக்கு உள்ளறையில் விட்டு ரேடியோவைச் சத்தமாக வையுங்கள். ரொம்ப நடுங்கினால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

முயலுக்கு விட்டுப் பழக்குவது

1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பக்கத்து மேகமலை 2021-இலிருந்து புலிகள் காப்பகம். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

வெந்த கோழி எலும்பு

போடாதீர்கள், சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

அந்தப் பையன் இப்போது தினமும் சாயங்காலம் தகரத்தோடு வருகிறான். தட்டுவது ஜீப் மாப்பிள்ளை, கறி கொடுப்பது இவன். இருநூறு அடியில் தொடங்கியது நேற்று அறுபதுக்கு வந்திருக்கிறது. தட்டு விழுந்ததும் குட்டி தலையைத் தூக்கி ஒரு பார்வை, உடனே இவன் கையைப் பார்க்கிறது. "அண்ணே, நாளைக்கு நாப்பதுக்குப் போயிரலாமா?" என்றான்.

"இன்னும் நாலு நாளைக்கு அங்கிட்டே நின்னு தட்டச் சொல்லுடா" என்றேன்.