பழைய தேனீப் பெட்டிக்கு விலை வைப்பது எப்படி?

எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ரப்பர் தோட்டத்தைப் போன வருஷம் மறுநடவுக்காக வெட்டிவிட்டார்கள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஜனவரியில் இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் ஊறும் தேன்தான் எங்களுக்கு வருமானம். 30 பெட்டிகளில் 12ஐ வைத்துக்கொண்டு மீதி 18ஐ விற்றேன். அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இது நம்மூர் இந்தியத் தேனீயான அடுக்குத் தேனீயை வளர்க்கும் சின்னப் பெட்டிக்கானது. அதற்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். இத்தாலியத் தேனீயின் பெரிய பெட்டிக்கு அளவும் விலையும் வேறு.

1. மாதம் பார்த்து விற்கவும்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை விற்பது நல்லது. தேன் காலத்துக்கு முன்பு ஒரு தேனீக் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பவர்கள் பெட்டி தேடி அலையும் நேரம் அது. மே மாதம் கொண்டுபோனால் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

2. பிரித்துப் போட்டுத் தரம் பிரிக்கவும்

அடிப்பலகை, புழு அறை (தேனீக் குஞ்சுகள் புழுவாக வளரும் பகுதி), தேன் அறை, சட்டங்கள் (தேனீக்கள் அடை, அதாவது மெழுகுக் கூடு, கட்டும் மரச் சட்டகங்கள்), மேல்மூடி எல்லாவற்றையும் வெயிலில் பரப்புங்கள். மூலைப் பூட்டு ஆடுகிறதா, மரத்தில் வண்டு துளைத்த பொடி கொட்டுகிறதா என்று பாருங்கள். அயினி, தேக்குப் பெட்டிகள் வருஷக்கணக்கில் தாங்கும். பதப்படுத்தாத ரப்பர் மரம் வண்டுக்குச் சாப்பாடு. அதை விற்காதீர்கள். உட்புறம் பெயிண்ட் அடித்த பெட்டியையும் ஒதுக்கிவிடுங்கள்.

3. சட்டம் மாற்றிப் பார்க்கவும்

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். நியூட்டன் சட்டம் சுமார் 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் பெட்டிகள் மூன்று ஆசாரிகள் செய்தவை. "நியூட்டன் பெட்டி" என்று மட்டும் சொல்லி ஒருவருக்கு 6 பெட்டி கொடுத்தேன். இரண்டு வாரத்தில் போன் வந்தது. அவருடைய சட்டம் என் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பக்கத்தில் இடைவெளி அதிகம். அந்த இடைவெளியில் தேனீக்கள் குறுக்கு அடை கட்டி, சட்டத்தையும் சுவரையும் ஒட்டிவிட்டன. சட்டத்தைத் தூக்கினால் அடை கிழிந்து தேன் வழிகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

தேனீ நடமாட 7 முதல் 9 மில்லிமீட்டர் சந்து போதும். அதிகமானால் அடை கட்டும். குறைந்தால் தேனீ நுழைய முடியாத இடத்தில் அடையைத் தின்னும் மெழுகுப் புழு குடியேறும். அதனால் இப்படிச் செய்யுங்கள்: ஒரு பெட்டியின் சட்டத்தை எடுத்து மற்ற எல்லாப் பெட்டியிலும் வைத்துப் பாருங்கள். பொருந்துகிறவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து, உள் நீளம், அகலம், உயரத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் பெட்டி மேலேயே எழுதுங்கள். வாங்க வருகிறவரிடம் அவருடைய சட்டம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டேப் வேண்டாம், ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். டேப்பின் கொக்கி தேய்ந்திருந்தால் இரண்டு மில்லிமீட்டர் போய்விடும்.

4. பழைய அடையைக் கொடுக்காதீர்கள்

1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. குமரி மாவட்டத்தில் அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புழு, தண்ணீர் நிரம்பிய பை போலச் செத்துக் கிடக்கும் நோய் அது. உங்கள் பெட்டியில் எப்போதாவது வந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கறுத்த புழு அடைகளை உருக்கி மெழுகாக விற்றுவிடுங்கள். காலிப் பெட்டியைச் சோடா உப்பு கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, உட்புறத்தைத் தீச்சுடரால் லேசாக வாட்டுங்கள். தேன் அறையின் வெள்ளை அடை வேறு விஷயம். அதைக் கட்ட மெழுகு சுரக்கவே தேனீக்கள் நிறையத் தேனைச் செலவழிக்கும், அதனால் சுத்தமாக இருந்தால் தனி விலை வைக்கலாம்.

5. விலை

இரண்டு ஆசாரிகளிடம் இன்றைய புதுப் பெட்டி விலையைக் கேளுங்கள். உறுதியான மரம், மாறிப் பொருந்தும் சட்டம் என்றால் அதில் 60 சதவீதம் கேட்பேன். மூடியோ அடிப்பலகையோ மாற்ற வேண்டியிருந்தால் 40. புதுசு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,200 அல்லது 800. இது என் கணக்குதான், ஆனால் 18 பெட்டிக்கும் பேரம் அதிகம் நடக்கவில்லை. மானியத்தில் வந்த பெட்டி என்றால் விற்கத் தடை நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புகைப்பான், முகவலை, பெட்டி வைக்கும் தாங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலை சொல்லிவிடலாம். தேன் எடுக்கும் கருவி மட்டும் தனி. துருப்பிடிக்காத எஃகு என்றால் தைரியமாக விலை சொல்லுங்கள். தகரக் கருவியில் பூச்சு போயிருந்தால் தேன் எடுக்க அது ஆகாது. தேனுக்குப் புளிப்புத்தன்மை உண்டு, உலோகத்தை அரிக்கும். நான் அதைப் பழைய இரும்புக் கடைக்கே போட்டேன்.

பிறகு சேர்த்தது: தேனீயோடு விற்றால்?

இதைப் பலர் கேட்டார்கள். பெட்டி விலையையும் கூட்டத்தின் விலையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வாங்குபவர் முன்னாலேயே திறந்து, தேனீ நிறைந்த சட்டங்களை எண்ணுங்கள். அடையின் சிற்றறைகளின் அடியில் ஒற்றை ஒற்றையாக முட்டை தெரிந்தால் ராணி சமீபத்தில் முட்டையிட்டிருக்கிறது என்று காட்டலாம். இருட்டிய பிறகு வாசலைக் கம்பி வலையால் அடைத்து, சட்டம் ஆடாமல் ஆப்பு வைத்து, இரவிலேயே அனுப்புங்கள். ஒருவர் பக்கத்துத் தெருவுக்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார், மறுநாள் காலை வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் பழைய இடத்துக்கே வந்து சுற்றின. புது இடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கட்டும்.