குட்டி ஓங்கில் நிறையத் தெரிந்தால் கூட்டம் பெருகுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவளத்திலோ எண்ணூரிலோ படகில் போகையில், தாயை ஒட்டியே நீந்தும் குட்டி ஓங்கில் (டால்பின்தான்) கண்ணில் பட்டால் "நல்லா பெருகுதே" என்று சொல்லத் தோன்றும். அந்த அவசர முடிவுதான் பெரிய தவறு.

புட்டிமூக்கு ஓங்கில் சுமார் 12 மாதம் சினையாக இருந்து ஒரே குட்டி ஈனும். குட்டி பிழைத்தால் அடுத்த ஈற்றுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். செத்துவிட்டாலோ, தாய் சீக்கிரமே மறுபடி சினைப்படும். அதனால் ஒரே தாயிடம் அடுத்தடுத்த ஆண்டில் புதுக் குட்டி தெரிந்தால், முந்தையது போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பிறந்தன என்பதோடு, எத்தனை ஓராண்டைத் தாண்டின என்பதையும் எண்ணுங்கள். நியூசிலாந்தின் டவுட்ஃபுல் சவுண்ட் என்ற, நிலத்துக்குள் நீளும் கடற்பகுதியில் ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது இந்த இரண்டாவது கணக்குதான். 2002இல் அங்கே நீர்மின் நிலையத்தின் நீரைக் கடலில் விடும் இரண்டாவது சுரங்கம் திறந்தது. அதற்குப் பின் முதலாண்டைத் தாண்டிய குட்டிகள் சுமார் 86 விழுக்காட்டிலிருந்து 38க்கு இறங்கின. கடலில் கலந்த குளிர்ந்த நன்னீர்மேல் சந்தேகம் விழுந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கணக்கெடுப்பதும் ஏமாற்றும். இரண்டு பயணங்களுக்கு நடுவே பிறந்து செத்த குட்டி எந்த ஏட்டிலும் ஏறாது. பிழைப்பு விகிதம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும். பெரிய ஓங்கிலை முதுகுத் துடுப்பின் வெட்டுத் தழும்பை வைத்து அடையாளம் காணலாம். குட்டிக்கு அந்தத் தழும்பு இருக்காது, தாயின் துடுப்பை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். வேறு பெண் ஓங்கிலும் குட்டியோடு நீந்தும் என்பதால் ஒரே படத்தை நம்பி இதுதான் தாய் என்று எழுதாதீர்கள். உடலில் குறுக்கே வெளிர் மடிப்புக் கோடுகள் தெரிந்தால் அது பிறந்து சில மாதமே ஆன குட்டி.

படம் எடுக்கத் துரத்தவே கூடாது. தாயின் பக்கவாட்டில் எழும் நீரோட்டத்தில்தான் குட்டி சிரமமில்லாமல் வருகிறது. படகு நடுவே புகுந்தால் அது தனித்துவிடும், பாலும் கிடைக்காது.

உயிரோடு கரை ஒதுங்கிய குட்டியைக் கடலுக்குத் தள்ளிவிடாதீர்கள்: தாயில்லாமல் அது பிழைக்காது. பசும்பாலும் வேண்டாம், மூச்சுத்துளையில் தண்ணீரும் வேண்டாம். நிழல் கட்டி, ஈரத்துணி போர்த்தி வனத்துறையை அழையுங்கள். செத்து ஒதுங்கியிருந்தால் உடனே புதைத்துவிடாமல் நீளத்தை அளந்து, தொப்புள் ஆறியிருக்கிறதா என்று படமெடுத்து வையுங்கள். உடற்கூறாய்வில் வயிற்றில் பால் இருந்தால், அது தாயிடம் பால் குடித்த பிறகே செத்தது என்று தெரிந்துவிடும்.