ஷெர்லாக் ஹோம்ஸ் கவுல்: இரண்டு நிறக் கம்பளியில் பின்னுவது எப்படி

பிடித்த கதாபாத்திரத்தைப் பின்னலில் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் முகத்தைத்தான் வரைகிறார்கள். அது சரிப்பட்டு வராது. ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து வந்த ஃபேர் ஐல் பின்னலில் மரபுப்படி ஒரு சுற்றுக்கு இரண்டே நிறம். பின்னாத நிறத்து நூல் துணியின் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்துக்குப் பெயர் ஃப்ளோட். ஐந்து கண்ணிக்கு (ஊசியில் விழும் நூல் வளையம்தான் கண்ணி) மேல் அது நீண்டால் துணி சுருங்கும், போடும்போது விரலில் மாட்டும். முகம் வரைந்தால் கன்னமும் நெற்றியும் அடுக்கடுக்காக நீள ஃப்ளோட்டுகள்தான். அத்தனை பாடுபட்டுப் பின்னினாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் கறை மாதிரி இருக்கும்.

ஆளை விட்டுவிட்டு, அவர் உடுத்துவதையும் கையில் வைத்திருப்பதையும் எடுங்கள். ஹோம்ஸ் இதற்கு அமைந்த ஆள். 1887-இல் வந்த முதல் கதையிலேயே பெரிய வட்டப் பூதக்கண்ணாடியோடு தரையில் மண்டியிட்டும் படுத்தும் தேடுகிறார். முன்னும் பின்னும் விளிம்பும் காதுமடலும் உள்ள டீர்ஸ்டாக்கர் தொப்பி மட்டும் ஓவியர் சிட்னி பேஜட்டின் கைவண்ணம். கதைகளில் அந்தப் பெயரே கிடையாது. அந்த வகைத் தொப்பிக்கு எடுக்கும் ட்வீட் என்ற முரட்டுக் கம்பளித் துணியில் அடிக்கடி காணும் கட்டம் ஹவுண்ட்ஸ்டூத், அதாவது வேட்டைநாய்ப் பல். ‘தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ கதையின் வேட்டைநாய் இல்லாமல் ஹோம்ஸ் ஏது? நடுவில் பூதக்கண்ணாடி வரிசை, மேலும் கீழும் வேட்டைநாய்ப் பல் கட்டம்: இதுதான் கவுல். கவுல் என்றால் தலை வழியாக மாட்டிக்கொள்ளும், முனைகள் இல்லாத மஃப்ளர். முடிந்த அளவு சுற்றளவு 60 செ.மீ., உயரம் சுமார் 23 செ.மீ.

நூலும் ஊசியும்

டிகே பருமன் (நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லியது) கம்பளி நூல், 50 கிராம் உருண்டையில் 110 முதல் 120 மீட்டர் வருவது. பழுப்பு இரண்டு உருண்டை, வெள்ளை ஒன்று. பழுப்பு ஏறக்குறைய 95 மீட்டர்தான் செலவாகும். ஆனால் மாதிரித் துண்டும் போட வேண்டுமே, ஒரே உருண்டையை நம்பி இறங்காதீர்கள். நூல் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது நல்லது. ஃப்ளோட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். பருத்தி நூல் வேண்டாம். அதில் இழுவை இல்லை. கண்ணி சற்றுக் கோணினாலும் கோணினதுதான். அக்ரிலிக்கில் பின்னலாம், ஆனால் நனைத்து நேராக்கும் வேலை அதில் பாதிகூடப் பலிக்காது.

நிறத்தைக் கண்ணை நம்பி எடுக்காதீர்கள். இரண்டு உருண்டையையும் பக்கத்தில் வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கட்டம் எழும்பாது. பச்சையும் சிவப்பும் பெரும்பாலும் ஏமாற்றுவது இப்படித்தான்.

40 செ.மீ. நீள வட்ட ஊசி, 3.5 மி.மீ. ஒன்று, 4 மி.மீ. ஒன்று. மார்க்கர் (ஊசியில் மாட்டும் அடையாள வளையம்) ஆறு. நுனி மழுங்கிய தையலூசி ஒன்று.

மாதிரித் துண்டு

கணக்கு இதுதான்: 4 மி.மீ. ஊசியில், இரண்டு நிறத்தில், துவைத்துக் காய்ந்த பிறகு 10 செ.மீ.க்கு 24 கண்ணி, 28 சுற்று. திருப்பித் திருப்பிப் பின்னிய துண்டு பொய் சொல்லும். பர்ல் (புறக்கண்ணி) வரிசையில் பலருக்கும் கை தளரும், வட்டத்தில் பர்ல் வரிசையே இல்லை. அதனால் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தாராளமாக விட்டு, மறுபடி நிட் (நேர்க்கண்ணி) வரிசையே போடுங்கள். 10 செ.மீ.க்கு 26 கண்ணி வந்தால் கவுல் 55 செ.மீ. ஆகிவிடும், தலை நுழையாது. அப்போது கண்ணியைக் கூட்டாதீர்கள், ஊசியைக் கால் மி.மீ. ஏற்றுங்கள்.

தொடக்கம்

3.5 மி.மீ. ஊசியில் பழுப்பு நூலால் 144 கண்ணி ஏற்றுங்கள். இரட்டை நூல் முறையில் ஏற்றுபவர்கள் 2 மீட்டர் வால் விட்டுக்கொள்ளவும். வட்டமாகச் சேர்க்கும் முன் அடிவிளிம்பு முழுவதும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இங்கே ஒரு முறுக்கு விழுந்துவிட்டால் பிறகு பிரிப்பதைத் தவிர வழியில்லை. தொடக்கத்தில் ஒரு மார்க்கர், பிறகு 24 கண்ணிக்கு ஒன்று. பூதக்கண்ணாடி 8 கண்ணியில் அடங்கும், கட்டம் 4 கண்ணியில் அடங்கும். 24-க்குள் இரண்டும் முழுதாக உட்காரும். தப்பு நடந்தால் எந்த 24-இல் என்று உடனே தெரியும்.

2 நிட், 2 பர்ல் என்று மாறி மாறி வரும் ரிப் (இழுபடும் விளிம்புப் பட்டை) 8 சுற்று. 4 மி.மீ. ஊசிக்கு மாறி, வெறும் பழுப்பில் 2 சுற்று நிட்.

வேட்டைநாய்ப் பல்

நான்கு சுற்று ஒரு தொகுப்பு. எல்லாம் நிட்தான். கீழே உள்ளதைச் சுற்று முடியும்வரை திரும்பத் திரும்பப் போடவும்.

சுற்று 1: 2 பழுப்பு, 1 வெள்ளை, 1 பழுப்பு.
சுற்று 2: 1 பழுப்பு, 3 வெள்ளை.
சுற்று 3: 3 வெள்ளை, 1 பழுப்பு.
சுற்று 4: 1 பழுப்பு, 1 வெள்ளை, 2 பழுப்பு.

இதை நான்கு தடவை, மொத்தம் 16 சுற்று. எந்த ஃப்ளோட்டும் மூன்று கண்ணியைத் தாண்டாது, கை பழக இதைவிட நல்ல கட்டம் இல்லை.

கவனமெல்லாம் எந்த நூல் மேலே, எது கீழே என்பதில். பின்பக்கத்தில் கீழாக ஓடும் நூலின் கண்ணிகள் முன்பக்கத்தில் சற்றுப் பெரிதாக எழும்பும். இங்கே எழும்ப வேண்டியது வெள்ளை. ஆகவே வெள்ளை எப்போதும் கீழிருந்து வரட்டும், பழுப்பு மேலிருந்து. இரண்டு கையிலும் நூல் பிடிப்பவர்கள் வெள்ளையை இடக்கையில் பிடித்தால் அது தானாகவே கீழே ஓடும். நடுவில் ஒருநாள் கை மாற்றிப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் கட்டம் மங்கி, துணியில் பட்டையாகத் தெரியும். பின்பக்கத்தைப் பார்த்தால் எந்தச் சுற்றில் மாறினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

நிறம் மாற்றும் ஒவ்வொரு தடவையும், பின்னி முடித்த கண்ணிகளை வல ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்டு அடுத்த நிறத்தை எடுங்கள். கண்ணிகள் நெருங்கிக் கிடக்கும்போது நூலை எடுத்தால் ஃப்ளோட் குட்டையாகி, துணி பலாச்சுளைத் தோல் மாதிரி சுருங்கும். துவைத்தாலும் அது போகாது. கை இறுக்கமானவர்கள் பின்னலை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப்போட்டு, ஊசியின் தூரப் பக்கத்தில் பின்னலாம். ஃப்ளோட்டுகள் வெளிவட்டத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால் தாமாகவே கொஞ்சம் நீளும்.

கட்டம் முடிந்ததும் பழுப்பில் 2 சுற்று. வெள்ளையை வெட்ட வேண்டாம். மார்க்கர் அருகில் தளரத் தொங்கவிட்டு இரண்டு சுற்றுக்கு மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

பூதக்கண்ணாடி

ஒரு கண்ணியின் அகலம் 4.2 மி.மீ., உயரம் 3.6 மி.மீ. சதுரக் கட்டத் தாளில் வட்டம் வரைந்து பின்னினால் முட்டை படுத்த மாதிரி வருவது அதனால்தான். ஆகவே இங்கே கண்ணாடி 5 கண்ணி அகலம், 6 சுற்று உயரம்.

சுற்று 1, 3: 3 பழுப்பு, 1 வெள்ளை, 3 பழுப்பு, 1 வெள்ளை.
சுற்று 2, 4: 3 பழுப்பு, 1 வெள்ளை, 4 பழுப்பு.
சுற்று 5: 2 பழுப்பு, 3 வெள்ளை, 3 பழுப்பு.
சுற்று 6 முதல் 9 வரை: 1 பழுப்பு, 1 வெள்ளை, 3 பழுப்பு, 1 வெள்ளை, 2 பழுப்பு.
சுற்று 10: 2 பழுப்பு, 3 வெள்ளை, 3 பழுப்பு.

முதல் நாலு சுற்று கைப்பிடி. சுற்று 1, 3-இல் கைப்பிடிகளுக்கு நடுவே வரும் ஒற்றை வெள்ளைப் புள்ளி அழகுக்கு மட்டுமல்ல; ஃப்ளோட்டைச் சுருக்கவே அது இருக்கிறது. புள்ளி இல்லாத 2, 4-இல் வெள்ளை ஏழு கண்ணி ஓடும், அதை நடுவில் ஒருமுறை பிடிக்க வேண்டும். பிடிக்கும் கண்ணியில் வெள்ளையைப் பழுப்புக்கு மேலாகத் தூக்கிப்போட்டுப் பின்னி, அடுத்த கண்ணிக்கு முன் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள். சுற்று 2-இல் எட்டில் ஏழாவது கண்ணியில், சுற்று 4-இல் அடுத்த எட்டின் முதல் கண்ணியில். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்தால் பழுப்புக்குள் வெள்ளை எட்டிப்பார்க்கும்.

பிறகு பழுப்பில் 2 சுற்று, வேட்டைநாய்ப் பல் 16 சுற்று, பழுப்பில் 2 சுற்று. 3.5 மி.மீ. ஊசியில் ரிப் 8 சுற்று. 4 மி.மீ. ஊசியால் ரிப்படியே தளர்வாகக் கண்ணிகளை மூடுங்கள். இங்கே இறுக்கினால் முகத்தைத் தாண்டாது.

தப்பும் திருத்தமும்

ஒரே ஒரு கண்ணியில் நிறம் மாறிப்போயிருந்தால் பிரிக்க வேண்டாம். முடிந்த பிறகு சரியான நிற நூலைத் தையலூசியில் கோத்து, அந்தக் கண்ணியின் வடிவத்திலேயே அதன் மேல் ஓட்டுங்கள்; யாருக்கும் தெரியாது. சுற்றுத் தொடங்கும் இடத்தில் கட்டம் ஒரு படி ஏறி இறங்கும். வட்டப் பின்னல் உண்மையில் சுருள் என்பதால் அது இருந்தே தீரும். மார்க்கர் இருந்த இடத்தைப் பிடரிப் பக்கம் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

துவைக்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியைப் பழுப்பு நூலில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நனைக்கும் நேரத்தைக் குறைத்து, குளிர்ந்த நீரில் உடனே அலசி எடுக்க வேண்டும். சாயம் போகாத நூல் என்றால் வெதுவெதுப்பான நீரில், கம்பளிக்கான சோப்புக் கரைசல் சில சொட்டு விட்டு, 20 நிமிடம் ஊறட்டும். கசக்கக் கூடாது. துண்டில் சுருட்டி மிதித்து நீரை எடுத்துவிட்டு, தட்டையாகப் பரப்பி 30 செ.மீ. அகலத்துக்கு இழுத்து விடுங்கள். ஏறுமாறாகத் தெரிந்த கண்ணிகள் பாதிக்கு மேல் இப்போதே சீராகிவிடும். பாதி காய்ந்ததும் மடிப்பு விழும் பக்கத்தை ஒருமுறை நகர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் கழுத்தின் இரு பக்கமும் இஸ்திரி போட்ட மாதிரி கோடு நிற்கும்.