கோடை விடுமுறையா? குடும்பத்தோடு நூலகத்தில் பெயர் பதியுங்கள்

பெயர் பதிந்து, விடுமுறையில் வாசிப்பதைக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் நூலகங்கள் நடத்தும் கோடைகால வாசிப்புத் திட்டம். இதைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல நூலகங்களில் கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை தனித்தனிப் பிரிவு உண்டு. பெரும்பாலும் கட்டணம் கிடையாது.

விடுமுறை முழுக்கப் புத்தகத்தைத் தொடாத பிள்ளை, பள்ளி திறக்கும்போது வாசிப்பில் தடுமாறலாம். இதற்கு அதட்டல் உதவாது. பிடித்ததை அவர்களே எடுக்க விடுவதுதான் வழி. அமெரிக்காவில் வாசிப்பு ஆய்வாளர் ரிச்சர்ட் அலிங்டன் குழுவினர், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து 3 கோடைகளில், ஒவ்வொரு முறையும் 12 புத்தகங்கள் கொடுத்தார்கள். எல்லாம் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தவை. 2010-இல் வெளியான முடிவுகளில், புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட இவர்களின் வாசிப்புத் திறன் மேலாக இருந்தது. ஆகவே உங்கள் மகள் அதே படக்கதையை மூன்றாம் முறை எடுத்தாலும் தடுக்காதீர்கள். எடுக்கட்டும்.

பெரியவர்களும் கட்டாயம் சேருங்கள். அப்பாவோ அம்மாவோ கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, "போய்ப் படி" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது. மடியில் வைத்துக் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதையும், பார்வை மங்கிய பாட்டி கேட்கும் ஒலிப்புத்தகத்தையும் பல நூலகங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசித்ததைக் குறித்துவைக்கும் பதிவு அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். தினம் 20 நிமிடம் வாசித்தால் போதும்.